கச்சான் காலத்துக்கு யூரியா வைக்கோல்: போடும் முறை, தீனி முறை, வயலுக்குத் திருப்பும் முறை

மாசி, பங்குனியில் திருகோணமலை மாவட்டத்தின் தம்பலகாமம், கந்தளாய், மூதூர், சேருவில வயல்வெளிகளில் பெரும்போக (மாரிக்கால நெல்) வெட்டு முடியும்போது வைக்கோலைக் கேட்க ஆள் இருக்காது. பாதி வயலிலேயே நெருப்பு வைக்கப்படும். ஆடியில் கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று அடித்து மேய்ச்சல் தரை கருகிய பிறகு அதே வைக்கோலுக்கு லாண்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) பெட்டியோடு ஊர் ஊராக அலைவார்கள். குளத்தடியில் சிறுபோகம் (கோடைக்கால நெல்) நிற்பதால் அந்த மாதங்களில் மாடு வயலுக்குள்ளும் இறங்க முடியாது. காட்டு ஓரத்தில் கிடைப்பதைத் தின்று பட்டி மெலியும், பால் வற்றும், பசுக்கள் பருவத்துக்கு வராமல் ஒரு வருடம் வீணாகும்.

இந்த இடைவெளியை அடைக்கப் பங்குனி வைக்கோலை யூரியாவால் பதப்படுத்தி வைப்பது பழைய, நன்றாகச் சோதிக்கப்பட்ட முறை. 1980களில் இலங்கையிலேயே, பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் நெதர்லாந்து உதவியுடன் நடந்த திட்டமும் இதை விரிவாக ஆராய்ந்தன. ஆனாலும் ஊரில் பரவலாக நிலைக்கவில்லை. வேலைப்பளு, பொலித்தீன் செலவு, யூரியா விலை மூன்றும் காரணம். அதைவிடப் பெரிய காரணம், எல்லா மாட்டுக்கும் போடப் போனதுதான். பால் கறக்கும் பசு, சினையின் கடைசி மூன்று மாதத்தில் நிற்கும் பசு, வளரும் நாகு (இன்னும் ஈனாத இளம் பசு) ஆகிய மூன்றுக்கும் போட்டால் செலவு திரும்பும். நாற்பது உருப்படி உள்ள பட்டி முழுவதற்கும் போடுவது வீண்.

வெறும் வைக்கோலில் என்ன குறை

நெல் வைக்கோலில் கச்சாப் புரதம் 3 முதல் 5 சதவீதம். மாட்டின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் ஒழுங்காக வேலை செய்யத் தீனியில் ஏறத்தாழ 7 சதவீதமாவது வேண்டும். அது இல்லாதபோது நார் கரைய நாள் எடுக்கும், வயிறு நிறைந்தே இருக்கும், மாடு அடுத்த வாய் எடுக்காது. வயிறு புடைத்து விலா எலும்பு தெரியும் மாடு பட்டினியில்தான் நிற்கிறது.

யூரியாக் கரைசலை ஊற்றிக் காற்றுப்புகாமல் மூடினால், வைக்கோலில் இயல்பாக உள்ள நுண்ணுயிர்களின் யூரியேஸ் நொதி யூரியாவை அமோனியாவாக உடைக்கும். அமோனியா காரத்தன்மை கொண்டது. நாரை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் கட்டுகளைத் தளர்த்தும், கொஞ்சம் நைட்ரஜனாக வைக்கோலிலேயே ஒட்டியும் கொள்ளும். சரியாகப் போட்டால் புரத அளவு ஏறத்தாழ இரட்டிக்கும், செரிமானம் நூற்றுக்கு 8, 10 புள்ளி கூடும், மாடு தின்னும் அளவும் ஐந்தில் ஒரு பங்காவது கூடும். தீனி கொடுக்கும்போது மேலே யூரியாத் தண்ணீர் தெளிப்பது வேறு வேலை. அதில் நார் தளராது, நஞ்சேறும் ஆபத்துதான் கூடும். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

அளவு

மனதில் வைக்க வேண்டியது ஒரே ஒரு விகிதம்: 25 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு 1 கிலோ யூரியா, 20 லீட்டர் தண்ணீர். நூறு கிலோவுக்கு 4 கிலோவும் 80 லீட்டரும். யூரியாவை 3 கிலோவுக்குக் கீழே குறைத்தால் அமோனியா போதாமல் பூஞ்சணம் பிடிக்கும். 5 கிலோவுக்கு மேலே கூட்டுவதில் இலாபமில்லை, கூடுதலாகப் போட்டது திறக்கும் அன்று காற்றோடு போய்விடும்.

300 கிலோ எடையுள்ள கலப்பினப் பசு ஒரு நாளைக்குக் காய்ந்த கணக்கில் ஏறத்தாழ 6 கிலோ தின்னும். இரண்டு பசுவுக்கு 12 கிலோ, 21 நாளுக்கு 252 கிலோ. பதமாவதற்கும் மூன்று வாரம் வேண்டும் என்பதால், 250 கிலோ கொள்ளும் குழி இரண்டு இருந்தால் ஒன்றைத் தின்னக் கொடுக்கும்போது மற்றது பதமாகும். 50 கிலோ யூரியா மூட்டை ஒன்று 1,250 கிலோ வைக்கோலுக்குப் போதும். இரண்டு பசுவுக்கு அது நூறு நாளைத் தாண்டும், அதாவது ஆனி தொடக்கத்திலிருந்து புரட்டாதி நடுவரை.

வைக்கோலை நிறுக்காமல் போடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. மெஷினில் கட்டிய கட்டு ஒன்று 12 கிலோவும் இருக்கும், 20 கிலோவும் இருக்கும். ஐந்து கட்டை நிறுத்துச் சராசரி எடுத்த பிறகே யூரியாவை அளக்கவேண்டும். யூரியாவையும் தராசில் நிறுக்க வேண்டும், பேணி அளவு பேணிக்குப் பேணி மாறும். வெறும் யூரியா மட்டுமே ஆகும். கலப்பு உரம், நெல்லுக்கு விற்கும் வேறு கலவைகள் எதையும் இதில் சேர்க்கக் கூடாது.

எந்த வைக்கோல் ஆகும்

அறுவடை இயந்திரம் விட்டுச் சென்ற வைக்கோல் சேறு படாமல், இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்ந்து, கையில் முறுக்கினால் சரசரக்கும் பதத்தில் இருக்கவேண்டும். மாசியில் பின்மழை விழுந்து நனைந்து கறுத்ததைத் தொடவேண்டாம். ஏற்கெனவே பூஞ்சணம் பிடித்ததை யூரியா திருத்தாது. கதிர் முற்றும் வேளையில் பூச்சிகொல்லி அடித்த வயலாக இருந்தால் மருந்துப் போத்தலின் முகப்புச்சீட்டிலுள்ள காத்திருப்பு நாள் கழிந்ததா என்று கேட்டு வாங்கவேண்டும். சில விவசாயிகள் வெட்டுக்குக் கிட்ட அடித்துவிட்டுச் சொல்லமாட்டார்கள்.

பச்சைப் புல்லையோ சீனிச்சத்துள்ள தீனியையோ இதே முறையில் மூடக் கூடாது. அமோனியாவும் சீனியும் சேர்ந்து உண்டாகும் ஒரு நச்சுப்பொருள் மாட்டை வெறிகொண்டு ஓட வைக்கும். தாய் தின்றால் பால் வழியாகக் கன்றுக்கும் போகும். அதனால் மூடும் நேரத்தில் பாகு, சீனிக் கழிவு எதையும் வைக்கோலில் ஊற்ற வேண்டாம். பாகு கிடைத்தால் தீனி கொடுக்கும் அன்று தனியாகக் கலக்கலாம்.

இடமும் குழியும்

250 கிலோவுக்கு ஆறரை அடி நீளம், ஐந்து அடி அகலம், மூன்றேகால் அடி ஆழம் போதும். கந்தளாய், தம்பலகாமம் மேட்டு மண்ணில் குழி நன்றாக நிற்கும். கிண்ணியா, மூதூர், வெருகல் பக்கத்துத் தாழ்நிலத்தில் மாரிக்குப் பிறகும் நிலத்தடி நீர் மேலே நிற்பதால் குழி அடியில் ஊறும். நிலாவெளி, குச்சவெளி மணலில் சுவர் சரியும். அப்படிப்பட்ட இடங்களில் சீமெந்துக் கல்லை மூன்று பக்கம் அடுக்கி நிலத்துக்கு மேலே தொட்டியாகக் கட்டுவதுதான் சரி. நான்காவது பக்கம் திறப்புக்கு. எந்த முறையானாலும் மாட்டுக் கொட்டிலுக்குக் கிட்ட, மழைத்தண்ணீர் ஓடி வராத மேட்டில், மர நிழலில் இருக்கவேண்டும். வெயில் பட்டால் பொலித்தீன் நாலைந்து மாதத்தில் பொடியாகும்.

அடியிலும் சுவரிலும் கனமான பொலித்தீன். துண்டு துண்டாக விரித்தால் ஒன்றின்மேல் ஒன்று ஒன்றரை அடியாவது ஏறி நிற்கவேண்டும். அதன்கீழே பழைய கிடுகு பரப்பினால் கல்லும் வேரும் குத்தாது.

ஒரே ஒரு பசு வைத்திருப்பவருக்குக் குழி தேவையில்லை. உள்ளே பொலித்தீன் உறையிட்ட உரமூட்டைப் பையில் 10 கிலோ வைக்கோலை மிதித்து அடைத்து, 400 கிராம் யூரியாவை 8 லீட்டர் தண்ணீரில் கரைத்து ஊற்றி, வாயை முறுக்கிக் கட்டினால் போதும். உள் உறையில்லாத நெய்த பை மட்டும் வேண்டாம், ஒவ்வொரு கண்ணாலும் அமோனியா வெளியேறும். பை முறையில் இன்னொரு வசதி, ஒன்று பழுதானாலும் பத்துக் கிலோதான் நட்டம்.

போடும் நாள்

காலையிலேயே தொடங்கவேண்டும். இரண்டு பேர் இருந்தால் 250 கிலோவை மத்தியானத்துக்குள் மூடிவிடலாம். பாதி போட்டு மறுநாள் மூடலாம் என்று விட்டால் இரவிலேயே அமோனியா போகும்.

முதலில் மாடு கன்றுகளைத் தூரத்தில் கட்டுங்கள். யூரியாக் கரைசல் உப்புக்கரிப்பாக இருப்பதால் தாகத்தில் நிற்கும் மாடு விரும்பிக் குடிக்கும், ஒரு வாளி குடித்தாலே சாகும். கரைசலை வாளியில் விட்டுவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போவது இந்த வேலையில் நடக்கக்கூடிய ஆகக் கெட்ட தவறு.

20 லீட்டர் கானில் 1 கிலோ யூரியாவைப் போட்டுக் கலக்குங்கள். யூரியா கரையும்போது தண்ணீர் குளிரும், அதனால் அடியில் கொஞ்சம் மணி நிற்கும். மணி ஒன்றும் மிஞ்சாமல் தடியால் நன்றாகக் கலக்கவேண்டும். கரையாத மணி ஒரே இடத்தில் விழுந்தால் அந்தப் பிடி வைக்கோல் நஞ்சு.

25 கிலோ வைக்கோலை அரை அடி உயரத்துக்குச் சமமாகப் பரப்பி, பூவாளியால் ஓரத்திலிருந்து நடுவுக்கு அந்த ஒரு கான் கரைசலையும் தெளியுங்கள். வாளியால் கவிழ்த்தால் ஓர் இடம் ஊறும், ஓர் இடம் காயும். தெளித்தவுடன் ஏறி மிதியுங்கள், முக்கியமாக மூலைகளை. பழுதாகும் குழியில் பெரும்பாலும் மூலைதான் முதலில் கறுக்கும், அங்கே காற்று தங்கும். பிறகு அடுத்த 25 கிலோ, அடுத்த கான். பத்து அடுக்கில் முடியும். மிதிக்கும்போது காலடியில் தண்ணீர் தேங்கினால் கரைசல் கீழே வடிகிறது என்று பொருள். அடுத்த அடுக்கை விரித்து மெதுவாகத் தெளியுங்கள், ஆனால் யூரியாவைக் குறைக்க வேண்டாம்.

குழி வாய்க்கு மேலே ஒன்றரை அடி குவித்து, நடுவு உயர்ந்து ஓரம் தாழ்ந்திருக்க விட்டு, பொலித்தீனால் மூடி, சுற்றிலும் மண் போட்டு அணையுங்கள். மேலே மணல் மூட்டை அல்லது பழைய டயர். இரண்டு நாளில் வைக்கோல் இறங்கும், அப்போது பொலித்தீன் தளர்ந்து மடியும். அந்த நாளில் போய் மறுபடி இறுக்காமல் விட்டால் மடிப்பில் மழைத்தண்ணீர் தேங்கும், நாய் ஏறும், காகம் கொத்தும். ஓட்டை கண்டால் உடனே ஒட்டுங்கள்.

நம் வெயிலில் 21 நாள் தாராளமாகப் போதும். மார்கழி, தையில் போட்டால் 28 நாள் விடுவது நல்லது. பதமானது மூடியிருக்கும்வரை மாதக்கணக்கில் கெடாது என்பதால் அவசரப்பட்டுத் திறக்கத் தேவையில்லை.

திறந்ததும் பார்க்கவேண்டியவை

நல்ல வைக்கோல் மஞ்சள் மாறிப் பழுப்பாகி, தொட்டால் மெத்தென்று இருக்கும். கண்ணில் நீர் வரும் அளவுக்குக் காரமான அமோனியா மணம் அடிக்கும். முகத்தைக் கிட்டக் கொண்டுபோகாமல் காற்று வரும் பக்கத்தில் நின்று திறக்கவேண்டும்.

மணமே இல்லாவிட்டால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். அமோனியா ஓட்டை வழியாகப் போயிருக்கும், அல்லது ஈரம் போதாமல் யூரியா உடையாமல் அப்படியே இருக்கும். இரண்டாவது ஆபத்தானது, வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஆகவே மணமில்லாத குழியை மாட்டுக்குக் கொடுக்காமல் எருக்கும்பியில் போடுவதே புத்தி, யூரியா வயலுக்குப் போகும். ஓரத்தில் கையளவு வெள்ளைப் பூஞ்சணம் இருந்தால் சுற்றி ஒரு சாண் சேர்த்து வெட்டி எறிந்துவிட்டு மற்றதைக் கொடுக்கலாம். நடுவிலேயே கறுத்து அழுகல் மணம் அடித்தால் முழுவதையும் விட்டுவிடுங்கள்.

தீனி கொடுக்கும் விதம்

ஒரு பக்கத்தை மட்டும் திறந்து, நாளைக்குத் தேவையானதை இன்று மாலை எடுத்து, நிழலில் பரப்பி, இரவு முழுக்க அமோனியா ஆற விடுங்கள். எடுத்த பக்கத்தை உடனே மூடவேண்டும். வெயிலில் காயவைத்தால் ஒட்டிய நைட்ரஜனும் போகும், மாடும் விரும்பாது.

முதல் மூன்று நாள் கால்பங்கு யூரியா வைக்கோலும் முக்கால் பங்கு வெறும் வைக்கோலும். அடுத்த மூன்று நாள் பாதிக்குப் பாதி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பத்தாம் நாளுக்கு மேல் முழுவதும் கொடுக்கலாம். முதல் நாள் மணத்துக்கு முகம் திருப்பும் மாடுகள் உண்டு. கொஞ்சம் தவிட்டுத் தண்ணீர் தெளித்தால் பழகிவிடும்.

நிறை விஷயத்தில் கவனம். குழியிலிருந்து எடுப்பதில் பாதி தண்ணீர். காய்ந்த 6 கிலோ வேண்டுமானால் ஈரமாக ஏறத்தாழ 11 கிலோ நிறுக்கவேண்டும். ஈரத்தோடு 6 கிலோ நிறுத்துப் போட்டுவிட்டு யூரியா வைக்கோல் பலன் தரவில்லை என்பவர்கள் மாட்டை அரைப் பட்டினி போட்டிருக்கிறார்கள்.

வைக்கோல் மட்டும் முழுத் தீனி ஆகாது. விற்றமின் ஏ அதில் இல்லை, பொசுபரசு மிகக் குறைவு. நாளுக்கு 3 கிலோ கிளிசரியா (சீமைக் கிளுவை) இலை, பால் கறக்கும் பசுவுக்கு ஒரு கிலோ தவிடும் அரைக் கிலோ தேங்காய்ப் புண்ணாக்கும், தாதுக்கலவையும் உப்பும். கிளிசரியாவை வெட்டிய கையோடு போட்டால் சில மாடு தின்னாது. ஒரு பகல் வாடவிட்டால் தின்னும். கோ-3 என்ற தீனிப்புல் ஒரு துண்டு கிணற்றடியில் இருந்தால் இன்னும் நல்லது. தண்ணீர் எப்போதும் தொட்டியில் நிற்கவேண்டும், இந்தத் தீனியில் தாகம் கூடும். பச்சைச் சோயாவைக் கூடவே கொடுக்க வேண்டாம், அதிலுள்ள யூரியேஸ் மிஞ்சிய யூரியாவை வயிற்றில் ஒரேயடியாக உடைத்துவிடும். யூரியா கலந்த தீனிக்கட்டி நக்கும் மாட்டுக்கு இதைக் கொடுப்பதானால் கட்டியை எடுத்துவிடுங்கள்.

ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குக் கூடாது, அதன் இரைப்பை இன்னும் தயாராகவில்லை. பன்றிக்கும் குதிரைக்கும் கூடாது. நாள் முழுக்கப் பசித்து வந்த மாட்டுக்கும் முதல் வாயாக இதைப் போடக் கூடாது.

நஞ்சேறினால்

தின்ற அல்லது கரைசல் குடித்த இருபது நிமிடத்திலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் தெரியும்: நிலைகொள்ளாமை, வாயில் நுரை, பல் கடித்தல், தசை நடுக்கம், வயிறு ஊதுதல், தள்ளாடி விழுதல். உடனே கால்நடை வைத்தியரை அழையுங்கள். அவர் வரும்வரை, மாடு நின்றுகொண்டு நன்றாக விழுங்கும் நிலையில் இருந்தால் மட்டும், 2 முதல் 4 லீட்டர் வினாகிரியைக் குளிர்ந்த தண்ணீரில் கலந்து மெதுவாகப் புகட்டலாம். புளிப்பு அமோனியாவை இரத்தத்துக்குள் ஏறவிடாமல் பிடிக்கும், குளிர் யூரியா உடைவதைத் தாமதப்படுத்தும். விழுந்து கிடக்கும் மாட்டுக்கு வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய் அதிலேயே சாகும். இந்த வேலை செய்யும் வீட்டில் வினாகிரிப் போத்தல் நாலைந்து எப்போதும் இருக்கட்டும்.

தீனியால் தீராதவை

நல்ல தீனி நோயைத் தடுத்துவிடும் என்று தடுப்பூசியை விடுபவர்கள் இருக்கிறார்கள். எருமையையும் மாட்டையும் ஒரே நாளில் கொல்லும் தொண்டை வீக்க நோய் உலர்வலயத்தில் மாரி தொடங்கும்போது எழும், ஆகவே அதற்கான ஊசியை ஆவணி, புரட்டாதியிலேயே போட்டு முடிக்கவேண்டும். கால்-வாய் நோய்க்கும், 2020இல் இலங்கைக்குள் புகுந்த தோல்கழலை நோய்க்கும் உங்கள் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகம் சொல்லும் ஒழுங்கில் போடுங்கள். கருச்சிதைவு நோய்க்கான ஊசி நாகு கன்றுக்கு இளவயதில் ஒருமுறைதான். சினைப்பட்ட பசுவுக்கும் காளைக்கும் அது கூடாது.

எருமைக் கன்று சாவதற்குப் பெரிய காரணம் தாய்ப்பால் வழியாக வரும் உருண்டைப் புழு. பிறந்த 10ஆம் நாளுக்கும் 16ஆம் நாளுக்கும் இடையில் பைரன்டல் என்ற புழு மருந்தை ஒரே ஒரு தடவை கொடுத்தால் போதும் என்பது இலங்கை எருமைகளிலேயே செய்த ஆய்வில் தெரிந்தது. அளவை வைத்தியர் எடை பார்த்துச் சொல்வார். மாதக் கன்றாகி வயிறு ஊதிய பிறகு கொடுப்பது பிந்திய வைத்தியம்.

பலன் தருகிறதா என்று அளப்பது

பால் கூடியதா இல்லையா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. கன்று ஈன்று மாதம் போகப் போகப் பால் தானாகவே குறையும், மழை பெய்தால் தானாகவே கூடும். நான்கு பசுவைத் தேர்ந்து, ஈன்று இரண்டு முதல் ஐந்து மாதத்துக்குள் உள்ளவையாக, சீட்டுக் குலுக்கி இரண்டுக்கு யூரியா வைக்கோலும் இரண்டுக்கு வெறும் வைக்கோலும் மூன்று வாரம் கொடுங்கள். மற்றத் தீனியெல்லாம் நான்குக்கும் ஒன்று. பிறகு மாற்றிப் போட்டு இன்னும் மூன்று வாரம். ஒவ்வொரு கட்டத்திலும் பழகும் முதல் பத்து நாள் கணக்கை விட்டுவிட்டு மிச்ச நாட்களின் பாலைக் காலை மாலை தராசில் நிறுத்துக் கொப்பியில் எழுதுங்கள். நுரை நின்ற பாலைக் குவளையால் அளந்தால் கால் லீட்டர் பொய் சொல்லும்.

எடைக்குத் தராசு தேவையில்லை. முன்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின்னிருக்கை எலும்பு முனைவரை நீளத்தையும் சென்ரிமீற்றரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 10,840ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 150, நீளம் 125 என்றால் ஏறத்தாழ 260 கிலோ. உண்மை எடையிலிருந்து பத்து வீதம்கூட விலகலாம். ஆனால் அதே மாட்டை, அதே ஆள், காலையில் தண்ணீர் காட்டுமுன் அளந்தால் ஏற்ற இறக்கம் தெரியும்.

செலவுப் பக்கம் இலகு. ஒரு பசுவுக்கு நாளொன்றுக்கு 240 கிராம் யூரியா, அதோடு பொலித்தீன் தேய்மானம், கூலி. பால் சேகரிப்பு நிலையத்தில் கிடைக்கும் விலையோடு வைத்துப் பாருங்கள். ஒரு லீட்டருக்கும் குறைவாகக் கறக்கும் நாட்டுப் பசுவில் பாலாக அது திரும்பாது. அடுத்த ஈற்று முந்துவதில் மட்டும் திரும்பலாம், அதற்குப் பருவம் கண்ட திகதிகளையும் எழுதவேண்டும்.

வயலுக்கு என்ன திருப்பிக் கொடுப்பது

மாட்டுப் பக்கத்தில் எல்லோரும் பேசுவார்கள், வயல் பக்கத்தைப் பேசமாட்டார்கள். நெற்பயிர் எடுத்த பொட்டாசியத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலில்தான் நிற்கிறது. ஒரு தொன் வைக்கோலை வெளியே ஏற்றினால் 15 கிலோ அளவு பொட்டாசியம் போகும். அதை எம்.ஓ.பி. (மியூரியேட் ஒப் பொட்டாஷ்) உரமாக ஈடுசெய்ய 30 கிலோ வேண்டும். ஓர் ஏக்கரிலிருந்து ஒரு தொன்னுக்கு மேல் எடுப்பது சாதாரணம். போகத்துக்குப் போகம் இப்படி ஏற்றிக்கொண்டே போனால் சில வருடத்தில் அடி இலைகளின் நுனியும் ஓரமும் பழுத்துக் கருகும், பழுப்புப் புள்ளி நோய் கூடும், யூரியா போட்டாலும் பயிர் எழும்பாது.

எரிப்பதைவிட எடுப்பது மேலா என்று கேட்டால், எரித்தால் நைட்ரஜன் முழுவதும் போகும், பொட்டாசியத்தில் பெரும்பகுதி சாம்பலில் நிற்கும், ஆனால் எரிந்த கும்பி இருந்த இடத்தில் மட்டும். அதனால் வயல் திட்டுத் திட்டாகும். பாதி வைக்கோலை எடுத்து, பாதியையும் அறுத்த அடித்தாளையும் வயலிலேயே விடுவது நடுவழி. விட்டதை விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே உழுது மடிக்கவேண்டும். விதைப்போடு மடித்தால் அழுகும் வைக்கோல் மண்ணின் நைட்ரஜனை இழுத்து நாற்று மஞ்சளடிக்கும்.

மாடு தின்ற பொட்டாசியத்தின் பெரும்பங்கு சாணத்தில் வராது, மூத்திரத்தில் வரும். மண் தரையில் கட்டும் மாட்டின் மூத்திரம் அப்படியே ஊறிப் போய்விடும். கொட்டில் தரையைச் சீமெந்தாலோ அடித்து இறுக்கிய களியாலோ சரிவாக்கி, கீழே சிறு குழி வைத்து, மாடு கழித்த மிச்ச வைக்கோலை அதில் போட்டு உறிஞ்சவிட்டு எருக்கும்பியில் சேருங்கள். கும்பிக்குக் கூரை வேண்டும். மார்கழி மழையில் திறந்து கிடக்கும் கும்பியிலிருந்து கறுப்பாக வடியும் தண்ணீர்தான் பொட்டாசியம். கும்பி உள்ளே கை வைக்க முடியாத அளவு சூடேறவேண்டும், இரண்டு தடவையாவது புரட்டவேண்டும். சூடேறாத சாணத்தை அப்படியே வயலுக்கு ஏற்றினால் களைநெல்லும் கோரையும் கூடவே போகும்.

இதையும் அளந்து பாருங்கள். ஒரே மண், ஒரே மட்டமுள்ள வயலில் ஒன்பது சிறு பாத்தி: மூன்றில் வைக்கோல் முழுவதும் எடுத்தது, மூன்றில் எடுத்துவிட்டு எரு போட்டது, மூன்றில் வைக்கோலை மடித்தது. எந்தப் பாத்தி எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் வாய்க்கால் ஓர நல்ல பாத்தி தன்னையறியாமல் எருவுக்குப் போகும். ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பும் தனித் தண்ணீர் வாயும் இருக்கவேண்டும், ஒரு பாத்தித் தண்ணீர் மற்றதில் விழுந்தால் சத்தும் கூடவே விழும். விதை இனம், விதைத்த நாள், யூரியாக் கணக்கு மூன்றும் ஒன்றாக இருக்கவேண்டும்.

அறுவடைக்கு ஒவ்வொரு பாத்தியின் நடுவிலும் 5 மீற்றருக்கு 2 மீற்றர் கயிறு கட்டி வெட்டி, அடித்து, தூற்றி நிறுங்கள். ஈரம் பார்க்கும் கருவி பல நெல் ஆலைகளில் உண்டு. நிறையை நூறிலிருந்து ஈரத்தைக் கழித்த எண்ணால் பெருக்கி 86ஆல் வகுத்தால் 14 வீத ஈரத்துக்கு வரும். அதை 404.7ஆல் பெருக்கினால் ஏக்கருக்குக் கிலோ, 20.87ஆல் வகுத்தால் புசல் (நெல் அளக்கும் அலகு). 20 வீத ஈரத்தில் 4.6 கிலோ கிடைத்தால் ஏக்கருக்கு 83 புசல். வரம்போரம் கயிறு கட்டினால் எப்போதும் கூடிக் காட்டும்.

எரு போட்ட மூன்று பாத்தியே தங்களுக்குள் பத்துப் புசல் வித்தியாசம் காட்டினால், எரு போட்டதற்கும் போடாததற்கும் இடையிலுள்ள ஐந்து புசல் வித்தியாசத்தை நம்ப வேண்டாம். முதல் போகத்தில் ஒன்றுமே தெரியாமல் போவதும் இயல்பு, மண்ணில் இருக்கும் இருப்பு இன்னும் கரையவில்லை. அதே பாத்திகளைக் கலைக்காமல் அடுத்தடுத்த பெரும்போகத்திலும் அதே ஒழுங்கில் செய்யுங்கள். முழுவதும் எடுத்த பாத்திகள் பின்னுக்குப் போகத் தொடங்கும் போகத்தில், வயல் முழுவதிலும் வைக்கோல் எடுக்கும் அளவைக் குறைக்கவோ, எடுத்த ஒவ்வொரு தொன்னுக்கும் 30 கிலோ எம்.ஓ.பி.யை இரண்டு தவணையாகப் போடவோ வேண்டிவரும். எது மலிவு என்பது அந்த வருடத்து உரவிலையைப் பொறுத்தது.